மயில் காசுக்கு விட்ட குழி

ஆற்றோரக் காட்டை ஒட்டி ஒரு மண்மேடு இருந்தது. எந்தக் காலத்திலோ அங்கே ஓர் ஊர் இருந்து அழிந்துபோயிருந்தது. இப்போது சுற்றிலும் வயல்தான். அந்த மேட்டுக்குள் கொறியன் என்ற வயல் எலி, தன் மனைவி செவ்வந்தியோடு வளை தோண்டிக் குடியிருந்தது.

கொறியன் நல்ல உழைப்பாளி. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாது. மீசை துடித்துக்கொண்டே இருக்கும். வால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். எப்போதும் காலில் வெந்நீர் கொட்டிக்கொண்ட மாதிரிதான்.

குறுவை அறுவடை சமயம். நெல் சேர்க்க ஓர் அறை தோண்டும்போது கொறியனுக்கு ஒரு செம்புக் காசு கிடைத்தது. ஒரு பக்கம் மீன் பொறித்திருந்தது. சும்மா இருக்கட்டுமே என்று சுவரில் பதித்து வைத்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து இன்னொன்று கிடைத்தது. அதில் புலி.

அத்தோடு விட்டிருக்கலாம். விடுமா?

"செவ்வந்தி, மீன் ஒண்ணு இருக்கு, புலி ஒண்ணு இருக்கு. இந்த மண்ணுல இன்னும் என்னென்ன காசு இருக்கோ. வகைக்கு ஒண்ணு சேர்த்தா எப்படி இருக்கும்?" என்றது கொறியன்.

"சேர்த்து என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டது செவ்வந்தி.

 பதில் இல்லாத ஆசைதான் ஆளைப் பிடித்து ஆட்டும். அன்றிலிருந்து கொறியன் மேட்டைக் கிளறோ கிளறென்று கிளறியது.

யானைக் காசு கிடைத்தது. காளைக் காசு கிடைத்தது. மீன் காசோ காலுக்குக் கீழே கொட்டிக் கிடந்தது. ஆனால் வகைக்கு ஒன்று போதும் என்பது கொறியனின் சட்டம். மிஞ்சியதைக் கொடுத்து மற்றவர்களிடம் இல்லாததை வாங்கியது. ஆமைக் காசுக்காக நத்தையோடு நாள் முழுக்கப் பேரம் பேசியது. முயலிடம் குதிரைக் காசு வாங்க, ஒரு வாரம் அறுகம்புல் பறித்துச் சுமந்தது. முதுகு கழன்றுவிட்டது. ஆனாலும் குதிரையைச் சுவரில் வைத்ததும் வலியெல்லாம் போன இடம் தெரியவில்லை.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எலிகளுக்கு வளை தோண்டுவதில் ஒரு வழக்கம் உண்டு. முன்வாசல் தெரியத் திறந்திருக்கும். பின்பக்கமும் ஒரு வழி தோண்டுவார்கள். ஆனால் அதை வெளியே திறக்கமாட்டார்கள். விரல் கனத்துக்கு மண்ணை அப்படியே விட்டுவிடுவார்கள். அதற்குக் கள்ளவாசல் என்று பேர். முன்வாசலில் பாம்பு நுழைந்தால் கள்ளவாசல் மண்ணைத் தலையால் ஒரு முட்டு முட்டி ஓடிவிடலாம்.

கொறியன் வளையில் சமமாக, வழவழப்பாக இருந்தது அந்தக் கள்ளவாசல் சுவர்தான். காசு பதிக்க அதைவிட நல்ல இடம் ஏது? ஆனால் அந்த மெல்லிய மண்ணில் காசு நிற்கவில்லை. அதனால் கொறியன் புற்றுமண் கொண்டுவந்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, சுவரில் கனமாகப் பூசியது. காய்ந்ததும் அது கல்லாகிவிட்டது.

"கள்ளவாசலை அடைச்சிட்டீங்களே" என்றது செவ்வந்தி. அது அப்போது பிள்ளைத்தாய்ச்சி.

"அடைச்சேன்னு ஏன் சொல்றே? அழகுபடுத்தியிருக்கேன்."

"பாம்பு வந்தா அழகைக் காட்டுவீங்களா?"

"வரும்போது பாத்துக்கலாம்" என்று கொறியன் வாலைத் தட்டிக்கொண்டு போய்விட்டது.

ஒருவழியாக எல்லாக் காசும் சேர்ந்துவிட்டது என்று கொறியன் நினைத்தது. எதிர் மரத்து அணிலைக் கூப்பிட்டுக் காட்டியது. அணில் ஒவ்வொன்றாகப் பார்த்தது. தலையை ஆட்டியது.

"பிரமாதம். ஆமா, மயில் காசு எங்கே?"

கொறியனுக்குப் பகீரென்றது. "மயில் காசா? அப்படி ஒண்ணு இருக்கா?"

"தெரியாதா உனக்கு? தங்கக் காசு. மத்தக் காசெல்லாம் அதுக்குப் பக்கத்துல நிக்க முடியாது. அவ்வளவு பெரிசு. இடிஞ்ச கோபுரத்துப் பொந்துல பவளம்னு ஒரு கிளி இருக்கே, அதுகிட்ட ஒண்ணு இருக்கு. வேற எங்கேயும் நான் கண்டதில்லை."

அணில் கொளுத்திப் போட்டுவிட்டு மரம் ஏறிவிட்டது. கொறியனுக்கு அதுவரை நிறைந்திருந்த சுவர் அந்த நொடியே குறைச்சுவராகிவிட்டது. நட்டநடுவில் இறுகின மேல்பூச்சைப் பல்லால் கடித்து உடைத்து ஒரு பெரிய குழி தோண்டியது. அது மயில் காசுக்கு.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கோபுரத்துக்கு ஓடியது. பவளம் பொந்து வாசலில் உட்கார்ந்து அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது. கொறியன் மீசையைப் பார்த்ததுமே அதற்கு விஷயம் புரிந்துவிட்டது. காசை வெளியே எடுத்து வெயிலில் வைத்தது. தோகை விரித்த மயில் தகதகவென்று மின்னியது.

"விலை என்ன அக்கா?" என்றது கொறியன். 

"நெல்லு, தம்பி."

"எவ்வளவு?"

"உன் வளையில இருக்கிறது எவ்வளவோ அவ்வளவும்."

"அய்யோ! அது மழைக்கால நெல்லு அக்கா. ஐப்பசி கார்த்திகை ரெண்டு மாசமும் அதை வெச்சுத்தான் ஓட்டணும். வீட்டுல குட்டி போடுற நேரம்."

"நான் உன்னை வாங்கச் சொன்னேனா?"

"எட்டு மீன் காசு தர்றேன். ஒரு யானைக் காசும் சேர்த்துத் தர்றேன்."

பவளம் சிரித்தது. "மீன் காசுதான் கிளறின இடமெல்லாம் கிடக்குதே. இது ஒண்ணே ஒண்ணு. எங்க கூட்டத்துக்கும் மழைக்காலம் வருது, தம்பி. மூஞ்சூறு வேற கேட்டுட்டுப் போயிருக்கு. யோசிச்சுச் சொல்லு."

மூஞ்சூறு கேட்டதோ இல்லையோ, அது கடவுளுக்கே வெளிச்சம். ஆனால் அந்த ஒரு வார்த்தை கொறியனின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. வீட்டில் படுக்கும், எழுந்திருக்கும். சுவர் முன்னால் போய் நிற்கும். அத்தனை காசு இருந்தும் கண் அந்தக் குழியில்தான் போய் விழும். களிமண்ணில் ஒரு மயில் செய்து வைத்துப் பார்த்தது. அது கோழி மாதிரி இருந்தது. பிடுங்கி எறிந்தது.

அப்புறம் அதற்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. நிற்கும்போதெல்லாம் அந்தக் குழியை நகத்தால் பறண்டும். பறண்டிக்கொண்டே யோசிக்கும். நெல்லைக் கொடுத்தால் என்ன? நண்டு வளை தேடலாம், கிழங்கு தோண்டலாம், எப்படியாவது சமாளிக்கலாம். இல்லை, இல்லை, குட்டிகள் என்ன ஆகும்? மறுபடியும் பறண்டும். மண் பொலபொலவென்று உதிரும்.

"அந்தக் குழியையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. நான் ஒருத்தி இங்கே இருக்கேன்" என்றது செவ்வந்தி.

"சீக்கிரம் நிறைஞ்சிடும் செவ்வந்தி. அப்புறம் நிம்மதியா இருப்பேன்."

"இப்படித்தான் குதிரைக்கும் சொன்னீங்க."

செவ்வந்தி குட்டி போட்டது. கண் திறக்காத நாலு குட்டிகள், ரோஜா நிறத்தில். கொறியன் அவற்றை நக்கிக் கொடுத்தது, கொஞ்சியது. கொஞ்சிக்கொண்டிருக்கும்போதே காது கோபுரத்துப் பக்கம் திரும்பியது. மூஞ்சூறு வாங்கிக்கொண்டு போயிருக்குமோ? அதற்கு மேல் கொறியனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரே ஓட்டமாக ஓடியது.

"சரி அக்கா. நெல்லு முழுசும் எடுத்துக்கோ."

"சம்சாரத்துக்கிட்ட கேட்டியா?"

"கேட்டாச்சு" என்று கூசாமல் பொய் சொன்னது கொறியன்.

"நாளைக்குக் காலையில கூட்டத்தோட வர்றேன். காசு வாயில இருக்கும்" என்றது பவளம்.

அன்று மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சாயங்காலம் அடைமழை பிடித்துக்கொண்டது. கொறியன் வளைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தது. நாளைக்குக் கிளிக்கூட்டம் வந்து நிற்கும்போது செவ்வந்தி என்ன சொல்லும்? இப்போதே சொல்லிவிடுவதுதான் மேல். ஆனாலும் சுவர் முன்னால் போய் நின்று குழியைப் பறண்டியது.

"செவ்வந்தி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

கொறியன் வாயைத் திறந்தது. அதற்குள் செவ்வந்தியின் மூக்கு விடைத்தது. காற்றில் ஒரு நாற்றம். முன்வாசல் பக்கம் மெல்லச் சரசரவென்று சத்தம். மழைக்கு ஒதுங்க இடம் தேடி வந்த சாரைப்பாம்பு உள்ளே தலையை நீட்டிவிட்டது.

செவ்வந்தி யோசிக்கவில்லை. நெல் அறைக்குப் பாய்ந்து, குவித்து வைத்திருந்த நெல்லைப் பின்காலால் வழியில் தள்ளியது. நெல் சரிந்து பாதையை அடைத்தது. பாம்பு நெல்லுக்குள் முட்டிக்கொண்டு நெளிந்தது. வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான்.

"கள்ளவாசல்!" என்று கத்தியது செவ்வந்தி. "முட்டுங்க!"

கொறியன் சுவரில் முட்டியது. தலை விண்ணென்று வலித்தது. சுவர் அசையவில்லை. புலிக் காசில் முட்டியது, யானைக் காசில் முட்டியது. தானே கல்லாகப் பூசிய சுவர். பின்னால் நெல் சரசரத்தது. குட்டிகள் கீச்சிட்டன. தான் இத்தனை நாள் கட்டியது தன் பிள்ளைகளுக்குச் சமாதி என்று கொறியனுக்கு அப்போதுதான் உறைத்தது. 

அந்தப் பதற்றத்தில் அதன் கால் பழக்கத்துக்கு நடுக்குழிக்குப் போனது. நகம் பட்டது. மண் உதிர்ந்தது. கொறியன் திடுக்கிட்டது. நாள்தோறும் பறண்டிப் பறண்டிப் பூசிய மண் முழுவதும் அங்கே போயிருந்தது! பழைய விரல் கனத்து மண்தான் மிச்சம்.

கொறியன் ஒரே முட்டு முட்டியது. மண் உடைந்தது. குளிர்ந்த மழைக்காற்று முகத்தில் அடித்தது. பெரிய காசுக்கு விட்ட குழி, ஓர் எலி உடம்பு புகுந்து போகச் சரியாக இருந்தது. செவ்வந்தி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக் கொடுத்தது. கொறியன் வெளியே வாங்கியது. கடைசியில் செவ்வந்தி வெளியே வரவும், பாம்பின் தலை அறைக்குள் வரவும் சரியாக இருந்தது. எல்லாரும் அணில் மரத்து வேருக்கடியில் போய் ஒடுங்கினார்கள்.

கொட்டும் மழையில் சாரை வெளியே துரத்தி வரவில்லை. மழை விட்டது. காலி வளையில் ஒன்றும் கிடைக்காமல் சாரை தன் வழியே போனது. காலையில் சொன்னபடி பவளம் கூட்டத்தோடு வந்து இறங்கியது. அலகில் மயில் காசு மின்னியது. செவ்வந்தி கிளிகளைப் பார்த்தது, சிதறிக் கிடந்த நெல்லைப் பார்த்தது, புருஷனைப் பார்த்தது.  அந்தப் பார்வைதான் கொறியனுக்குத் தாங்கவில்லை.

"வேண்டாம் அக்கா. நான் வீட்டுல கேக்கவே இல்லை. பொய் சொல்லிட்டேன்" என்றது கொறியன்.

"நல்லா யோசிச்சுக்கோ. நாளைக்கு மூஞ்சூறு வாங்கிட்டுப் போயிடும்."

"போகட்டும்" என்றது கொறியன். சொல்லும்போது வால் ஒரு தட்டுத் தட்டியது. செவ்வந்தி அதன்மேல் காலை வைத்து அழுத்திக்கொண்டது.

குட்டிகள் அந்த மழைக்காலம் முழுக்க நெல் தின்று கொழுகொழுவென்று வளர்ந்தன. கொறியன் சுவரை உடைக்கவில்லை. நடுக்குழியில் மட்டும் விரல் கனத்துக்கு மெல்லிய மண் வைத்து விட்டுவிட்டது. காசு பார்க்க வருகிறவர்கள் விடாமல் கேட்பார்கள்: "எல்லாம் இருக்கு. நடுவுல ஒண்ணு குறையுதே?"

கொறியனுக்கு மீசை ஒருதரம் துடிக்கும். அப்புறம் அடங்கிவிடும்.

"குறையலை. அது எங்க வீட்டு வாசல்" என்று சொல்லும்.

இல்லாத ஒன்றை அடைய, இருப்பதையெல்லாம் விலையாகக் கொடுக்கத் துணிகிறவனுக்குச் சேர்த்தது எதுவும் கைகொடுக்காது. குறையைக் குறையாகவே விடத் தெரிந்தவன்தான் பிழைத்துக்கொள்வான்.