ஐம்பத்தாறு அங்குலப் பட்டை

மெகருன்னிசா டீச்சரிடம் தையல் பழக வந்தவர்களில் மீசை வைத்த ஆள் அங்கமுத்து ஒருவர்தான். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. டீச்சருக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை.

பவானியில் டீச்சர் வீட்டு முன்னறையில்தான் வகுப்பு. ஐந்து மிஷின், எட்டுப் பெண்கள். இந்த மனுஷர் வாசலில் செருப்பைக் கழற்றியபோது எல்லா மிஷினும் நின்றுவிட்டது.

"ஜாக்கெட் வாங்கிட்டுப் போக வந்தீங்களாண்ணா?" என்று கேட்டார் டீச்சர்.

"இல்லீங் டீச்சர். நானே தெக்கோணும். ஒரே ஒரு பைதானுங். பசங்க தோள்ல குறுக்க மாட்டிக்கிட்டு வேலைக்குப் போறாங்களே, அது."

"அது கடையிலயே நல்லதாக் கெடைக்குமுங்களே."

அங்கமுத்து கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். நீல ஜீன்ஸ் பேன்ட் இரண்டு இருந்தன.

"எம் பெரிய பையனுதுங். மகுடேஸ்வரன். போன ஆடியில, பைக்குல போறப்ப..." பேன்ட்டை மறுபடி மடித்தார். "சின்னவன் நவநீதன் இன்னும் இருபது நாள்ல ஓசூருக்கு வேலைக்குப் போறானுங். அவனுக்குத்தான் இந்தப் பை" என்றார்.

மனைவி இறந்து பதினைந்து வருஷம். இரண்டு பையன்களையும் தனி ஆளாக வளர்த்தவர். பெரியவன் போன பிறகு, அப்பாவும் சின்னவனும் ஒரே வீட்டில் இருந்தும் பேச்சு என்று எதுவும் இல்லை. சோறு இருக்குது, தண்ணி வந்திருச்சு, அவ்வளவுதான். இதையெல்லாம் முதல் நாளே டீச்சரிடம் சொல்லிவிட்டார். வீட்டில் வாய் திறக்காதவர்கள் வெளியில் கொட்டிவிடுவார்கள் போலிருக்கிறது.

"இப்படியே அனுப்பி வெச்சா, இவனும் இப்படியே போயிருவான் டீச்சர். எங் கையால ஒண்ணு செஞ்சு குடுத்தாத்தான், அப்பன் நம்மளையும் நெனச்சிருக்கான்னு அவனுக்குத் தெரியும்."

டீச்சர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அதுதான் அவர் சம்மதம்.

முதல் நாளிலேயே வேலை நின்றுபோனது. பேன்ட்டை மேஜைமேல் விரித்துச் சாக்பீஸால் கோடும் போட்டாயிற்று. கத்தரியை எடுத்தார். துணிமேல் வைத்தார், திரும்ப எடுத்துவிட்டார். எத்தனையோ மழையில் கம்பம் ஏறி, ஒரு தடவைகூடப் பின்வாங்காத ஆள்.

"முடியலீங் டீச்சர். அவன் கால வெட்டற மாதிரி இருக்குதுங்."

பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் கத்தரியை வாங்கிக்கொண்டு பிளேடு ஒன்றைக் கொடுத்தார்.

"வெட்ட வேண்டாமுங்ணா. வீட்டுக்குக் கொண்டுபோயித் தையல மட்டும் பிரிச்சுக்கிட்டு வாங்க."

"எல்லாத் தையலுமுங்களா?"

"எல்லாமுந்தான்."

ஜீன்ஸ் தையலைப் பிரிப்பது லேசுப்பட்ட வேலையா? கம்பெனிக்காரன் மடித்து மடித்து இரட்டையாக அடித்திருப்பான். மூன்று பகல் உட்கார்ந்து பிரித்தார். நாலாம் நாள் கொண்டுவந்தது பேன்ட் இல்லை, வெறும் நீலத் துண்டுகள். டீச்சர் கத்தரியை நீட்டினார். அங்கமுத்து வெட்டினார். கண் வழிந்துகொண்டே இருந்தது, கோடு மட்டும் கோணவில்லை.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. டீச்சர் வகுப்பில் செய்து காட்டுவார். அங்கமுத்து வீட்டுக்குப் போய், மனைவி விட்டுப்போன கால் மிஷினில் தைப்பார். ஒரே நாளில் மூன்று ஊசி உடைந்தது. தடித்த துணிக்கான பதினெட்டாம் நம்பர் ஊசி போடச் சொன்னார் டீச்சர், அது தாங்கியது. பையின் உள் துணிக்குத் தன் பழைய காக்கிச் சட்டையை வெட்டிப் போட்டார் அங்கமுத்து. பேன்ட்டின் பின் பாக்கெட்டை அப்படியே எடுத்துப் பையின் மூடிமேல் வைத்துத் தைத்தார். பெண்கள் சும்மா இருப்பார்களா? எங்களுக்கும் ஆளுக்கொரு பை வேணுமுங்ணா என்று வரிசையில் நின்றார்கள். ரொம்ப நாள் கழித்து அங்கமுத்து சிரித்தது அன்றைக்குத்தான்.

கடைசியில் தோள்பட்டை மட்டும் பாக்கி.

"எவ்வளவு நீளமுங்ணா?"

"அம்பத்தாறு அங்குலம். மாட்டுனா இடுப்புல கரெக்டா உக்காருமுங்." யோசிக்காமலே சொன்னார்.

"ஒரு பக்கிள் போட்டுக்கங்க. வேணுங்கறப்ப ஏத்தி எறக்கிக்கலாம்."

"வேண்டாமுங் டீச்சர். பெத்த புள்ளயோட அளவு எனக்குத் தெரியாதுங்களா? பக்கிள் நழுவும். கம்பத்துல நான் போட்ட நட்டு ஒண்ணுகூட இதுநா வரைக்கும் நழுவுனதில்லீங்."

அந்த மனுஷருக்கும் பெருமை பேச ஒரு நாள் வேண்டும்தானே. டீச்சர் விட்டுவிட்டார். பட்டையின் இரண்டு முனையிலும் கட்டம் கட்டி, உள்ளே பெருக்கல் குறி போட்டு, மேலுக்கு மேல் நான்கு ஓட்டு ஓட்டினார் அங்கமுத்து. யானையைக் கட்டி இழுத்தாலும் பிரியாது. சனிக்கிழமை பையை மேஜைமேல் வைத்தபோது எட்டுப் பெண்களும் கை தட்டினார்கள்.

திங்கட்கிழமை சின்னவன் கிளம்பும் நாள். காலை ஒன்பது மணிக்கு, வகுப்பு தொடங்கும் முன்பே அங்கமுத்து பையோடு வந்து நின்றார். முகம் இருண்டிருந்தது.

"தையல் விட்டுப்போச்சுங்களா?"

"அதெல்லாம் விடலீங்." பட்டையைத் தூக்கிக் காட்டினார். அதன் நடுவில் ஒரு முடிச்சு.

"நேத்து மத்தியானம் குடுத்தனுங். அண்ணன் பேன்ட்டுங்களாப்பான்னு தடவிப் பாத்தான். நல்லாருக்குதுன்னான். மாட்டுனா, தொடையில இடிக்குதுங். கழட்டி ஒரு முடிச்சுப் போட்டு மறுபடியும் மாட்டிக்கிட்டான். முடிச்சு தோள்ல அழுத்துமல்லங்? கைக்குட்டைய மடிச்சு அதுக்கடியில வெச்சுக்கிட்டு, இப்ப சரியா இருக்குதுப்பாங்கறான்."

டீச்சர் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். நன்றாக இறுகியிருந்தது.

"நவநீதன் எவ்வளவு உயரமுங்ணா?"

அங்கமுத்து கையை உயர்த்தினார். கை அவர் நெற்றிக்கு நேரே போய் நின்றது. காதுக்கு இறங்கியது. தோளுக்கு வந்து, மறுபடி கொஞ்சம் மேலே போனது. எங்கே நிறுத்துவதென்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"அப்ப அம்பத்தாறுங்கறது?"

"மகுடேஸ்வரனுக்குங்." கையை இறக்கினார். "அவன் சட்டை அளவு, செருப்பு அளவு, எல்லாமே எனக்கு மனப்பாடமுங். கண்ண மூடுனா அவந்தான் நிக்கறான். சின்னவனுக்குத் தெச்சுட்டிருக்கறேன்னு நெனச்சுக்கிட்டே அவனுக்குத் தெச்சிருக்கறனுங் டீச்சர்."

டீச்சர் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் குடிக்கவில்லை.

"நீளமா இருக்குதுப்பான்னு ஒரு வார்த்தை சொல்லீருக்கலாமல்லங். சொல்லலியே. ஒரு வருசமா இப்படித்தான் எல்லாத்துக்கும் முடிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தானோ என்னமோ."

வெளியே ஒவ்வொருவராகப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். டீச்சர் கையைக் காட்டி அவர்களை வாசலிலேயே நிறுத்தினார்.

"பஸ் எத்தனை மணிக்குங்?"

"பன்னெண்டு மணிக்குங். துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டிருக்கறான். இத ஒரு நிமிசம் சரி பண்ணிட்டு வர்றேன்னு வாங்கிட்டு வந்தனுங்."

அங்கமுத்து முகத்தைத் துண்டால் அழுந்தத் துடைத்துக்கொண்டார். பட்டையை மேஜைமேல் நீட்டி வைத்தார். பழையபடி வேலைக்காரர் ஆகிவிட்டார்.

"எத்தனை அங்குலம் கொறைக்கட்டும் டீச்சர்? நீங்களே ஒரு அளவு சொல்லுங்க. இங்கயே தெச்சு எடுத்துட்டுப் போயிர்றேன்."

டீச்சர் தன் கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றினார். நாலாக மடித்து அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"என்னைய எதுக்குங்ணா கேக்கறீங்க? தம்பி இன்னும் வீட்டுலதான இருக்குது."