நேர்வாளத்தில் முடிந்த நூல்

"சாமி, இனிமே இந்த மடத்துல எனக்கு என்ன வேலை?"

மடத்துத் தலைவரான சாமியிடம் இப்படிக் கேட்டவன் மாசிலாமணி. வைத்திய மடத்தின் ஏட்டறை வெகுகாலமாக அவன் தலைக்குள்தான் இருந்தது. எந்த நோய்க்கு எந்தச் சுவடி என்று அவனைக் கேட்காமல் அங்கே கஷாயம் கொதிக்காது.

புதிதாக வந்து சேர்ந்த உத்தண்டி, சுவடிக்குச் சுவடி நூல் கட்டிவிட்டான். காய்ச்சல் சுவடியைத் தொட்டால் ஒரு நூல் நிலவேம்புக்குப் போகும், இன்னொன்று பத்தியத்துக்கு, வேறொன்று மழைக்கால நோய்களுக்கு. உறவுள்ளதெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தது. நேற்று வந்தவன்கூட நூலைப் பிடித்துக்கொண்டு போய்த் தானே எடுத்துக்கொண்டான்.

மாசிலாமணியைக் கேட்க ஆளில்லை. அவனுக்கு வயிறு எரிந்தது. உத்தண்டி சிரித்தால் எரிந்தது. சாமி அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் இன்னும் எரிந்தது.

"எல்லாரும் அவனைத் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்க. நூல் தப்பாப் போனா என்ன ஆகும்னு யாராவது யோசிச்சாங்களா சாமி?"

தப்பாகப் போகும்படி அன்று காலையில் அவனே செய்திருந்தான். வயிற்றுவலிச் சுவடியிலிருந்து ஓமத்துக்குப் போன நூலை அவிழ்த்து நேர்வாளச் சுவடியில் முடிந்திருந்தான். நேர்வாளம் பொல்லாத பேதி மருந்து. யாராவது நாலு தடவை கொல்லைக்கு ஓடினால், அப்புறம் தன்னைத் தேடித்தான் வருவார்கள் என்று மகராசன் கணக்குப் போட்டிருந்தான்.

சாமி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"காலையிலேருந்து வலிக்குது. நூலைப் பிடிச்சுப் போய் மருந்துச் சுவடிய எடுத்துட்டு வா."

மாசிலாமணி ஏட்டறைக்கு ஓடினான். நூலைத் தொடவே இல்லை. நேராக ஓமச் சுவடியை உருவிக்கொண்டு வந்தான்.

சாமி அதைப் புரட்டிப் பார்த்தார்.

"நூல் வழியாத்தானே போனே?"

"ஆமா சாமி."

"சரியாக் கொண்டுபோய் விட்டுதா?"

"விட்டுது சாமி."

"அப்ப நல்ல நூல்தான்" என்றார் சாமி. "வாசல்ல ஒரு அம்மா, வயித்துவலியில துடிக்கிற புள்ளையோட உக்காந்திருக்கா. உத்தண்டி இப்பத்தான் ஏட்டறைக்குப் போறான்."

மாசிலாமணி ஏட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"இந்த மடத்துல உனக்கு மட்டும் தெரிஞ்சது ஒண்ணு இருக்கு, மாசிலாமணி" என்றார் சாமி. "போய்ச் சொல்றியா, நீயே வச்சுக்கிறியா?"