வடிவு சொல்லாத சொல்

எனக்கு முதலில் தீங்கு செய்தவள் வடிவு. என் தம்பி பெண்டாட்டி.

அம்மா சாகக் கிடந்தபோது அவள் எனக்கு ஆள் அனுப்பவில்லை. ஆற்றில் வெள்ளம் என்றார்கள். வெள்ளத்தை நானும் பார்த்தவன்தான். நான் போய்ச் சேர்ந்தபோது சாம்பல் ஆறியிருந்தது.

அன்றைக்கே மடத்துக்கு வந்துவிட்டேன். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

என் குரு என்னைவிட இருபது வயது இளையவர். நான் அவரைச் சாமி என்பேன். அவர் என்னை அண்ணாச்சி என்பார். தொழுவம் என் பொறுப்பு. அதிலும் பாதி வேலையை அவரே செய்துவிடுவார்.

போன வைகாசியில் தம்பி வெற்றிலை பாக்கோடு வந்தான். மகளுக்குக் கல்யாணமாம். பெரியப்பா வந்து திருநீறு பூசாமல் மணையில் உட்கார மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாளாம்.

நான் சாமியிடம் போனேன். வடிவு என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லட்டும், வருகிறேன். இல்லாவிட்டால் அந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்றேன்.

சாமி வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார்.

"அவங்க இங்க வந்ததே இல்லையா?"

வருவாள் என்றேன். வருஷா வருஷம் அம்மா திதிக்கு முறுக்கு சுட்டு எடுத்து வருவாள். நெடுக என் காலில் விழுவாள். எழுந்து வாயைத் திறப்பாள். மூடிக்கொண்டு போய்விடுவாள். அழுத்தக்காரி.

"முறுக்கை என்ன செய்வீங்க?"

"தின்பேன். அது வேற."

"மன்னிச்சிருங்கன்னு சொன்னா எடுத்துக்கிடுவீங்களா?"

"மாட்டேன். அது கோர்ட்டுல சொல்றது."

சாமி தலையாட்டினார். பிறகு, தெரியாதவர் போல, "உங்க பேர் என்ன அண்ணாச்சி?" என்றார்.

"பிழைபொறுத்தான். வீட்டுல பொறுத்தான்."

"வடிவு எப்படிக் கூப்பிடுவாங்க?"

எங்கள் பக்கத்தில் புருஷன் பேரையும் அவனுக்கு மூத்தவன் பேரையும் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். அந்தப் பேர் கலந்த சொல்லையும் சொல்ல மாட்டார்கள். அதைச் சாமிக்கு விளக்கினேன். உலை கொதிக்கும்வரை மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்க என்பார்கள். வடிவு செத்த நில்லுங்க என்பாள். தலைப்பிள்ளைக்கு அவளுக்கு இரண்டு நாள் வலி. வலி பொறுக்கலையே என்றுதான் ஊரில் எல்லாப் பெண்களும் கத்துவார்கள். இவள் தாங்கலையே, தாங்கலையே என்றே கத்தினாளாம். அம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

சொல்லிக்கொண்டே வந்தவன் அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

சாமி வைக்கோலைக் கீழே போட்டார். மாட்டுத்தொட்டியில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு என் தலையில் ஊற்றினார்.

"இன்னையிலிருந்து உங்க பேர் சிதம்பரம். போயிட்டு வாங்க."

கல்யாணத்தன்று விடியலில் போனேன். வடிவு பின்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

சாமி என் பேரை மாற்றிவிட்டார் என்றேன். நான் இப்போது சிதம்பரம். உனக்கு இனித் தடையில்லை.

"சொல்லு, வடிவு."

அவள் கையைச் சேலையில் துடைத்தாள்.

"ரெண்டு பிள்ளையைப் புதைச்சுட்டு, நாப்பத்தெட்டு நாள் ஈரச்சேலையோட கோயிலைச் சுத்தி, அத்தை வாங்கின பேரு, அத்தான், அது. மூணாவது தங்குச்சு, சாமி என் தப்பையெல்லாம் தாங்கிக்கிட்டான்னு உங்களுக்கு வச்சாங்க. சாகும்போதும் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க."

களைந்த அரிசியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"உங்க சாமி மாத்தலாம். நான் மாத்த மாட்டேன்."

அம்மா என்னைக் கூப்பிட்டது எனக்கு அதுவரை தெரியாது.

உள்ளே போனேன். பிள்ளையின் நெற்றி நிறையத் திருநீறு பூசி மணையில் உட்காரவைத்தேன்.

வடிவு அந்தச் சொல்லை இன்னும் சொல்லவில்லை. எனக்கு அது இன்னும் வரவேண்டிய பாக்கிதான்.