செவலைக்குச் சுட்ட பிஸ்கட்

ஒரு காட்டில் ஒரு கரடி, நாய்க்கு பிஸ்கட் சுட்டது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. இந்தக் கதையை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நடந்ததை அப்படியே சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள்.

அந்தக் காட்டின் நடுவில் ஓர் ஓடை இருந்தது. ஓடைக்கரையில் செவலை என்று ஒரு பெண் நாய் வாழ்ந்தது. எப்போதோ கிடை போட வந்த ஆட்டுக்காரர்கள் அதை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதுவும் போனால் போகிறது என்று அங்கேயே தங்கிவிட்டது.

செவலைக்கு ஒரே வேலைதான். அக்கரைப் புதருக்குள் சிறுத்தை வந்து பதுங்கினால், மோப்பம் பிடித்துக் குரைக்க வேண்டும். செவலை குரைத்தால் ஓடைப் பக்கம் யாரும் போக மாட்டார்கள். குரைக்கவில்லை என்றால் பயமில்லை, போய்த் தண்ணீர் குடிக்கலாம். காடு முழுவதும் இந்த ஒரு வழக்கத்தை நம்பித்தான் நிம்மதியாக இருந்தது.

ஒருநாள் கரடியின் குட்டி தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தது. சிறுத்தை பாயப் போகிற நேரத்தில் செவலை குரைத்த குரைப்பில் குட்டி கரையேறி ஓடிவிட்டது. சிறுத்தை பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனது.

கரடிக்கு மனசு கேட்கவில்லை. செவலையைத் தேடிக்கொண்டு நேரே ஓடைக்கு வந்தது.

"செவலை, என் புள்ளையக் காப்பாத்திக் குடுத்துட்ட. உனக்கு நான் என் கையால ஏதாவது செஞ்சு போடணும். உனக்கு என்ன பிடிக்கும், சொல்லு."

"அதெல்லாம் எதுக்குக்கா?"

"சொல்லுன்னா சொல்லு!"

செவலை கொஞ்சம் யோசித்தது. "ஆட்டுக்காரங்க வீட்டம்மா எனக்குன்னு தனியா ஒண்ணு சுடுவாங்க. கேழ்வரகு மாவு, வேகவச்ச பூசணிக்காய், காயவச்ச ஓடை மீனை இடிச்ச பொடி. அவ்வளவுதான். தட்டிச் சுட்டா மொறுமொறுன்னு இருக்கும். உப்பு வேணாம், இனிப்பு வேணாம். வேற எதுவும் வேணவே வேணாம்க்கா. ஒரு தடவை திருவிழாப் பலகாரம் தின்னுட்டு பாதி உயிர் போயிடுச்சு எனக்கு."

இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? கரடியும் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டது. ஆட்டியது தலைதான். உள்ளே என்ன போனது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

கரையான் காலி செய்துவிட்டுப் போன பெரிய புற்று ஒன்று கரடியின் குகைக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்குள் சுள்ளிகளைப் போட்டு எரித்து, தணலை வழித்து வெளியே தள்ளினால் உள்ளே நல்ல சூடு நிற்கும். தேக்கிலையில் மாவைத் தட்டி உள்ளே வைத்து, வாயைக் கல்லால் அடைத்துவிட்டால் போதும். நன்றாக வெந்துவிடும். கரடிக்குக் கைப்பக்குவம் உண்டு, அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

கேழ்வரகு மாவு வந்தது. பூசணிக்காய் வெந்தது. மீன் பொடி கலந்தாயிற்று. கரடி அழகாகப் பிசைந்து, ஒரு சின்ன உருண்டையை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தது. ருசி பார்க்காமல் யார்தான் சமைக்கிறார்கள்?

அங்கேதான் ஆரம்பித்தது சனியன்.

"ஐயோ, சப்புன்னு இருக்கே!" என்றது கரடி. "இதை எப்படி ஒருத்திக்குக் குடுக்கிறது? என் புள்ளை உசுரைக் காப்பாத்தினவளுக்கு உப்பு கூடப் போடாம ஒரு பண்டமா? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

அந்த வழியாகப் போன முள்ளம்பன்றி நின்றது. அதற்கு உப்பென்றால் உயிர். உப்பு மண் இருக்கிற இடம் எதுவாக இருந்தாலும் மோப்பம் பிடித்து நக்கிவிட்டு வரும்.

"என்னக்கா முகம் வாடிக் கிடக்கு?"

"செவலைக்கு பிஸ்கட் சுடறேன். அவ உப்பு வேணாம்னு சொன்னா. ஆனா ருசியே இல்ல."

முள்ளம்பன்றி ஒரு விரலில் மாவை எடுத்து நக்கிப் பார்த்தது. "தூ! அவ சும்மா கூச்சத்துல சொல்லியிருப்பா. விருந்துக்கு வர்றவங்க யாராவது எனக்கு உப்பு தூக்கலாப் போடுன்னு வாயத் திறந்து கேப்பாங்களா? நாமதான் பார்த்துப் போடணும்."

"அப்படிங்கிற?"

"கொஞ்சம்தானே!" என்று சொல்லி, ஒரு கை நிறைய உப்பு மண்ணை அள்ளிப் போட்டது முள்ளம்பன்றி.

கரடி மறுபடி ருசி பார்த்தது. இப்போது உப்பு கரித்தது. உப்பு கரித்தால் என்ன செய்வார்கள்? இன்னும் கொஞ்சம் மாவு சேர்ப்பார்கள். கரடி சேர்க்கவில்லை. நேரே போய்த் தேன் அடையை எடுத்து வந்து பிழிந்தது.

"நல்ல காரியத்துக்குச் செய்யறோம், தித்திப்பு இல்லாமலா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. அட கரடியே, தித்திப்பு உனக்கல்லவா பிடிக்கும்!

அடுத்து வந்தது காட்டுப்பன்றி. கிடைத்ததை எல்லாம் தின்னும், தின்றதை எல்லாம் நல்லது என்று சொல்லும். அதுவும் ஒரு வாய் போட்டுப் பார்த்தது.

"பிரமாதம்! ஆனா வாசனை பத்தல. நான் வரப்போரமா வெங்காயம் தோண்டி வச்சிருக்கேன். வெங்காயம் போடாத பண்டமும் ஒரு பண்டமா?"

"செவலை வேற எதுவும் வேணாம்னு சொன்னாளே..."

"கொஞ்சம்தானே!"

போட்டார்கள் வெங்காயத்தை.

கடைசியில் வந்தது குரங்கு. மலைக்கோயில் படிக்கட்டில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் கையிலிருப்பதைப் பறித்துத் தின்று வளர்ந்த குரங்கு. உலகத்தில் தனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று நினைப்பு அதற்கு.

"தள்ளுங்க, தள்ளுங்க. பிஸ்கட்னா என்னன்னு இங்க யாருக்காவது தெரியுமா? நான் மனுசங்க கையிலேருந்து பிடுங்கித் தின்னவன். அதுல மேல காய்ஞ்ச திராட்சை பதிச்சிருக்கும். பார்க்கவே லட்சணமா இருக்கும்." கன்னத்துப் பையிலிருந்து ஒரு கைப்பிடி திராட்சையை உமிழ்ந்து மாவில் அழுத்தியது. ஆமாம், வாயிலிருந்துதான். அதைக்கூட யாரும் கேட்கவில்லை.

"குரங்கண்ணே, நாய்க்கு இது ஒத்துக்குமா?" கரடி கேட்டது. அந்த ஒரு கேள்வியையாவது கேட்டதே என்று நாம் சந்தோஷப்பட வேண்டியதுதான்.

"எனக்கு ஒத்துக்குது. உனக்கு ஒத்துக்குது. அவளுக்கு மட்டும் ஒத்துக்காதா? அவ என்ன வானத்துலேருந்தா குதிச்சா?"

நன்றாக இருக்கிறதல்லவா நியாயம்! செவலை கூப்பிடு தூரத்தில் ஓடைக்கரையில்தான் உட்கார்ந்திருந்தது. ஒரு குரல் கொடுத்தால் வந்து சொல்லியிருக்கும். நாலு பேரும் மாவைச் சுற்றி நின்றுகொண்டு நாய்க்கு என்ன பிடிக்கும் என்று விவாதம் நடத்தினார்களே தவிர, நாயைக் கேட்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு வருகிற கோபத்துக்கு, அந்தப் புற்றுக்குள் தலையை விட்டு முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பிஸ்கட் வெந்தது. கமகமவென்று வாசனை வந்தது. முள்ளம்பன்றி இரண்டு தின்றது. பன்றி ஒரு வாய் நிறையத் தின்றது. குரங்கு எண்ணாமல் தின்றது. எல்லாரும் ஒரே குரலில் "அருமை!" என்றார்கள். மீதியைத் தேக்கிலையில் அடுக்கி, ஊர்வலமாக ஓடைக்குக் கொண்டுபோனார்கள்.

செவலை ஓர் எட்டு தள்ளி நின்றே முகர்ந்து பார்த்தது. காது இரண்டும் படுத்துக்கொண்டது.

"அக்கா, இதுல என்ன போட்டீங்க?"

"நீ சொன்னதுதான்மா."

"வேற வாசனை வருதே..."

"மேலுக்கு ஏதோ கொஞ்சம். எல்லாம் நல்லதுதான். தின்னு, தின்னு!"

"இல்லக்கா, எனக்கு வயித்துக்கு..."

கரடியின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "காலையிலேருந்து அடுப்படியிலயே வெந்துகிட்டு கிடந்தேன் செவலை. எல்லாம் உனக்காக. ஒண்ணாவது வாயில போடமாட்டியா?"

"பிகு பண்ணாத!" என்றது முள்ளம்பன்றி.

"இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திருக்கோம்!" என்றது பன்றி.

"மரியாதை தெரியாத நாய்!" என்றது குரங்கு.

செவலை என்ன செய்யும்? நல்ல மனசு. யாரையும் நோகடிக்கத் தெரியாத மனசு. ஒன்றைத் தின்றது. கரடி பூரித்துப்போய் இன்னொன்றை ஊட்டியது. பிறகு இன்னொன்று. செவலையிடமும் எனக்கு வருத்தம்தான், வாயைத் திறந்து முடியாது என்று ஒரு அதட்டல் போட்டிருக்க வேண்டாமா? போடவில்லை. இலை காலியாகும்வரை தின்றது. எல்லாரும் கைதட்டிவிட்டுக் கலைந்து போனார்கள்.

வெயில் ஏறியது. செவலைக்கு வயிறு புரட்டியது. தின்றதை எல்லாம் வாந்தி எடுத்தது. பிறகு வெறும் பித்தமாக எடுத்தது. கால்கள் துவண்டன. கரையோரத்தில் அப்படியே சரிந்து படுத்துவிட்டது. நாக்கு வெளியே தொங்கியது.

அப்போது அக்கரைப் புதர் அசைந்தது.

சிறுத்தைதான். செவலை மோப்பம் பிடித்துவிட்டது. வாயைத் திறந்து குரைக்கப் பார்த்தது. சத்தம் வரவில்லை. தொண்டையில் வெறும் காற்றுதான் வந்தது.

காடு அமைதியாக இருந்தது. செவலை குரைக்கவில்லை, அதனால் பயமில்லை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். கரடிக்குட்டியும் அப்படித்தான் நினைத்தது. துள்ளிக்கொண்டு வந்து தண்ணீரில் இறங்கியது.

"செவலையக்கா, தூக்கமா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீரை வாரி இறைத்து விளையாட ஆரம்பித்தது. அக்கரையில் சிறுத்தை வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு காலாக முன்னால் எடுத்து வைத்தது.

செவலை மறுபடி குரைக்கப் பார்த்தது. முடியவில்லை. குட்டியிடம் ஓடு என்று சொல்லப் பார்த்தது. அதுவும் முடியவில்லை. குட்டி முதுகைக் காட்டிக்கொண்டு தவளை பிடித்துக்கொண்டிருந்தது.

செவலை தவழ்ந்து தவழ்ந்து தண்ணீருக்குள் இறங்கியது. குட்டியின் பின்பக்கத்தில் நறுக்கென்று கடித்தது.

"அம்மாஆஆ! செவலை என்னக் கடிச்சுட்டாஆஆ!"

குட்டி போட்ட கூச்சல் மலையில் போய் எதிரொலித்தது. பெற்றவளுக்குக் கேட்காமலா போகும்? கரடி புதர்களை முறித்துக்கொண்டு பாய்ந்து வந்தது.

"என் புள்ளையவாடி கடிச்ச? உனக்குச் சுட்டுப் போட்ட கைக்கு இதுதான் மரியாதையா?" என்று செவலையை அறையக் கையை ஓங்கியது. ஓங்கிய கைக்கு அந்தப் பக்கம், தண்ணீரில் காலை வைத்து நின்றது சிறுத்தை.

கரடி போட்ட உறுமலில் மரத்திலிருந்த பறவைகள் எல்லாம் எழும்பின. அடிக்க ஓங்கிய கை அப்படியே சிறுத்தையின் முகத்தில் இறங்கியது. சிறுத்தை புரண்டு எழுந்து, காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடியே போய்விட்டது.

கரடி திரும்பிப் பார்த்தது. செவலை தண்ணீரிலேயே கிடந்தது. தலையை மட்டும் ஒரு கல்லின் மேல் வைத்திருந்தது. கரையில் அது வாந்தி எடுத்த இடத்தில், மெல்லாத திராட்சைகள் உப்பிக் கிடந்தன.

"ஐயோ செவலை! ஏன் குரைக்கல நீ?"

செவலைக்கு அப்போதுதான் லேசாகக் குரல் வந்தது. "உப்பு வேணாம்னு சொன்னேன்லக்கா. வேற எதுவும் வேணவே வேணாம்னு சொன்னேன்ல. எத்தனை தடவைதான் சொல்லுவா ஒருத்தி?"

கரடி குனிந்தது. செவலையைத் தூக்கிக் கரையில் கிடத்தி, இலையில் தண்ணீர் மொண்டு ஊற்றியது. அது எழுந்து நிற்கிறவரை குட்டியையும் கூட வைத்துக்கொண்டு ஓடைக்கரையிலேயே கிடந்தது. சிறுத்தை வருகிறதா என்று அதுவே மாறி மாறிப் பார்த்துக்கொண்டது. குரைக்கத் தெரியாததால் உறுமியது.

செவலை தேறியதும், புற்றுக்குள் மறுபடி தணல் போட்டது கரடி. கேழ்வரகு மாவு, பூசணிக்காய், மீன் பொடி. வாசனை பிடித்துக் குரங்கு வந்து சேர்ந்தது. முகத்தில் வெட்கமா? ஒரு துளி கிடையாது.

"அக்கா, நான் ருசி பார்க்கட்டுமா?"

"திங்கப் போறது நீயா?" என்று கரடி போட்ட சத்தத்தில் குரங்கு மரம் ஏறிவிட்டது.

இந்தத் தடவை செவலையையே பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு உருண்டையை அதன் வாயில் கொடுத்துக் கேட்டது கரடி. "சரியா இருக்கா?"

"சரியா இருக்குக்கா."

"நிஜமா? கொஞ்சமே கொஞ்சம் தேன்..."

செவலை கரடியை ஒரு முறை முறைத்தது.

"சரி சரி, போடல" என்றது கரடி. பிஸ்கட் வெந்து வந்ததும், செவலை மொறுக் மொறுக்கென்று கடித்துத் தின்று, இலையையும் நக்கியது. கரடி ஒன்றை வாயில் போட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தது. இதில் என்னதான் இருக்கிறது என்று அதற்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆனாலும் தேன் அடைப் பக்கம் கை நீளாதபடி, இரண்டு கையையும் தன் பின்பக்கத்துக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டது.

நீதி: பிறருக்கு விருந்து வைக்கும்போது உன் நாக்கு சொல்வதை விட்டுவிட்டு, உண்ணப் போகிறவர் சொல்வதைக் கேள்.