எட்டாம் படி

உலகத்து நாடுகளையெல்லாம் வரிசையில் நிறுத்தி, எந்த நாட்டு ஜனங்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று வருஷா வருஷம் ஒரு பட்டியல் வெளியாகும். அந்த வருஷம் நூற்று நாற்பது நாடுகளில் நம் நாட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டாவது இடம். பக்கத்து நாடு நமக்கு முன்னால் நின்றதுதான் பலருக்குப் பொறுக்கவில்லை. பஞ்சம் வந்தபோது வாயைத் திறக்காதவர்கள்கூட, பெரிய தலைகுனிவு என்று தொலைக்காட்சியில் தொண்டை கிழியக் கத்தினார்கள். மந்திரி ஓர் உத்தரவு போட்டார். வெளிநாட்டுக்காரன் கேட்டது போதும், நம் ஜனங்களை நாமே கேட்போம் என்றார்.

கேட்கப் போனவர் அனவரதன். கணக்கெடுப்பு அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவர். நாற்பத்தொரு நாள், பதினோரு வறண்ட ஊர்கள், ஒரே ஒரு கேள்வி. வந்த விடை நம் நாட்டை முதல் பத்துக்குள் கொண்டுபோய் வைத்தது. அந்த ஊர்களிலேயே இப்படி என்றால் மற்ற ஊர்களைக் கேட்கவே வேண்டாம் என்று மந்திரி ஆபீஸில் லட்டு கொடுத்தார்கள்.

அறிக்கைக் கோப்பில் அனவரதனின் கையெழுத்து மட்டும் பாக்கி. அது விழுந்தால் அந்தப் பதினோரு ஊர்க் குழந்தைகளுக்கும் போகிற சத்துமாவு நின்றுவிடும். நிறைவாக இருக்கிறவர்களுக்கு மாவு எதற்கு என்று கோப்பிலேயே எழுதியிருந்தது.

கையெழுத்துப் போடவும் மனசு வரவில்லை, மாட்டேன் என்று சொல்லவும் தெம்பில்லை. அனவரதன் கோப்பைப் பையில் போட்டுக்கொண்டு, விடிகாலைப் பஸ் பிடித்து குருவின் மடத்துக்குப் போனார். குரு அவரைவிட நாலு வயது இளையவர். ஆனாலும் பன்னிரண்டு வருஷமாக மனக்கஷ்டம் என்றால் அவருக்குப் போக வேறு இடம் இல்லை.

பஸ் வழியில் படுத்துவிட்டது. மடத்துக்குள் நுழையும்போது மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரம். கடைசிப் பந்தியில் குரு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஓர் இலை காலியாகப் போட்டிருந்தது.

"வாங்க. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு சாமி. வழியிலேயே முடிச்சுட்டேன்."

காலையில் ஒரு டீ குடித்ததோடு சரி. நேரங்கெட்ட நேரத்தில் வந்து நிற்கிறோமே என்ற கூச்சத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. இன்னொரு தடவை கேட்டால் உட்கார்ந்துவிடலாம் என்றுகூட நினைத்தார். குரு கேட்கவில்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு அந்த இலையை எடுத்துவிடச் சொன்னார்.

அனவரதன் சுவரோரமாக உட்கார்ந்தார். குரு ரசத்தை நிதானமாகப் பிசைந்தார்.

"சொல்லுங்க. முகமே சரியில்லையே."

அனவரதன் எல்லாவற்றையும் சொன்னார்.

"என்ன கேள்வி கேட்டீங்க?"

"பத்துப் படி ஏணி ஒண்ணு இருக்குன்னு நெனச்சுக்குங்க. ரொம்பக் கஷ்டப்படுறவங்க முதல் படி, நல்லா வாழுறவங்க பத்தாம் படி. நீங்க எந்தப் படியில நிக்கிறீங்க? இதான் சாமி கேள்வி. உலகம் பூரா இதான்."

"நல்ல கேள்விதானே?"

"கேள்வி நல்ல கேள்விதான். ஒரு ஊர்ல ரைஸ் மில் முதலாளி, மூணு வீடு, ரெண்டு கார். 'என்னமோ பொழப்பு ஓடுது சார், மூணாம் படின்னு போட்டுக்குங்க'ன்னாரு. கண்ணு பட்டுடுமாம். அதே ஊர்ல ஒரு அம்மா. பேரு ஒச்சாயி. புருஷன் இல்ல, ரெண்டு பிள்ளைங்க. 'எங்களுக்கென்ன சார் குறை, எட்டாம் படி'ன்னாங்க."

"நீங்க என்ன எழுதினீங்க?"

"அவருக்கு மூணு, இவங்களுக்கு எட்டு. சொன்னதைத்தானே எழுத முடியும்? வீடு தேடி வந்த ஆள்கிட்ட இல்லாமையைச் சொல்ல அந்த அம்மாவுக்கு வாய் வரல. பதினோரு ஊர்லயும் இதே கதைதான்."

குரு மோர் வாங்கிக்கொண்டார். அனவரதனின் வயிறு ஒரு முறை நன்றாகவே சத்தம் போட்டது. அவர் பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டார்.

"வெளிநாட்டுக்காரன் நூத்திப் பன்னிரண்டுங்கறான். மந்திரி முதல் பத்துங்கறாரு. எனக்கு அலுத்துப்போச்சு சாமி. உண்மையில நம்ம நாடு எந்த இடத்துலதான் இருக்கு?"

"வந்ததும் உங்களை ஒண்ணு கேட்டேனே. என்ன சொன்னீங்க?"

"சாப்பிட்டாச்சுன்னேன்."

"சாப்பிட்டீங்களா?"

அனவரதனுக்கு ஐம்பத்தாறு வயதில் இப்படி மாட்டிக்கொண்டோமே என்று வெட்கமாக இருந்தது.

"இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சும் இலையை எடுக்கச் சொன்னீங்களா சாமி?" அவருக்கு நிஜமாகவே வலித்தது.

"நீங்க சொன்னதை அப்படியே எடுத்துக்கிட்டேன். நீங்க அந்த அம்மா சொன்னதை எடுத்துக்கிட்ட மாதிரி."

அனவரதன் பையை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

குரு எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். அவரே ஓர் இலை கொண்டுவந்து போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு வைத்தார். அடிச்சோறுதான் இருந்தது. அனவரதன் தலை நிமிராமல் சாப்பிட்டார். இரண்டாம் தடவை சோறு விழுந்தபோது வேண்டாம் என்று கை நீட்டவில்லை.

குரு எதிரிலேயே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கும் களைப்பு. காலையிலிருந்து எத்தனையோ பேருடைய கஷ்டத்தைக் கேட்டிருந்தார்.

இலையில் பாதி காலியானதும் அனவரதன் மெதுவாகப் பேசினார்.

"அந்த அம்மா வீட்டுல அடுப்பு பத்தவைக்காததைப் பார்த்தேன் சாமி. சின்னப் பிள்ளையோட கை குச்சி மாதிரி இருந்தது. பார்த்துட்டுத்தான் எட்டுன்னு எழுதினேன்."

"ம்."

"அந்தக் கோப்புல கையெழுத்துப் போடாம, பார்த்ததை எழுதிடலாம். என் வேலை போனாலும் போகட்டும். ஆனா வேற ஒண்ணு உறுத்துது."

"என்ன?"

"அந்த அம்மா அவ்வளவு பாடுபட்டு மறைச்சாங்க. பட்டினி கிடக்கறாங்கன்னு நான் உலகத்துக்கே எழுதிட்டா, அவங்க மானம் என்ன ஆகறது?"

குரு எழுந்து மோர் கொண்டுவந்தார். அனவரதன் இலையில் ஊற்றினார்.

"பேரை எழுதாதீங்க, அவங்க மானம் அவங்ககிட்டயே இருக்கும். நீங்க இப்போ காப்பாத்தப் பார்க்கறது அவங்க மானமா, அடுப்பைப் பார்த்துட்டு எட்டுன்னு எழுதினவரோட மானமா?"