கெட்ட சேதிக்குச் சவுக்கடி

செவ்வந்திபுரத்து அரண்மனையில் வேலப்ப விகடர் என்று ஒருவர் இருந்தார். ராஜாவைச் சிரிக்கவைப்பது அவர் வேலை. அதைவிடப் பெரிய வேலை மத்தியானத் தூக்கம். முறையிட வருகிறவர்கள் வாசலில் நின்று கத்தித் தூக்கத்தைக் கெடுக்கிறார்கள் என்று, "கெட்ட சேதி சொன்னால் சவுக்கடி" என ராஜாவைச் சட்டம் போடவைத்த புண்ணியவானும் அவரேதான்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. ராஜாவுக்கோ தெப்பத்தில் உலாவ ஆசை. ஏரி தளும்பட்டும் என்று மதகை மூடச் சொல்லிவிட்டார். தண்ணீர் கீழத்தெருவுக்குள் புகுந்தது. சனங்கள் வாசலில் வந்து அழுதார்கள். வாசல் அறையில் படுத்திருந்த விகடர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு புரண்டு படுத்தார்.

ஒரு நாள் அவருக்குச் சாப்பாடு வரவில்லை. சமைத்துப்போடும் பேச்சிக்குக் கீழத்தெருவில் வீடு. "என்ன திமிர் இவளுக்கு" என்று திட்டிக்கொண்டே போனார். இடுப்பளவு தண்ணீரில், பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றாள் பேச்சி.

"அடுப்பு கரைஞ்சு போச்சுங்க சாமி. இன்னிக்கும் மழை பெஞ்சா நாங்களும் போயிருவோம்."

விகடரை வெட்கம் பிடுங்கித் தின்றது. ராஜாவிடம் சொல்லலாம் என்றால், தான் போடவைத்த சட்டம் தன் முதுகுக்கே வருமே! யோசித்துக்கொண்டே சபைக்கு வந்தார்.

"மகாராஜா, நல்ல சேதி."

"சொல்லும்."

"கீழத்தெருப் பெண்கள் இனிமேல் தண்ணீருக்கு நடக்க வேண்டாம். ஏரியே வீட்டுக்குள் வந்துவிட்டது."

"பலே!"

"அடுப்பூதும் கஷ்டமும் விட்டது. அடுப்பே கரைந்துவிட்டது. கைக்குழந்தைகூட நீச்சல் பழகுகிறது."

ராஜா மீசையைத் தடவினார். "கொடுத்துவைத்தவர்கள்."

"இந்தச் சுகம் தங்களுக்கும் கிடைக்கட்டும் என்று, அரண்மனைப் பக்கத்துக் கரையை வெட்டிவிடப்போகிறார்கள், மகாராஜா."

ராஜா துள்ளி எழுந்தார். "ஐயோ, என் மெத்தை! யாரங்கே, மதகைத் திறக்கச் சொல்!"

மதகு திறந்தது, தண்ணீர் வடிந்தது, தெப்பம் தரை தட்டியது. அப்புறம்தான் ராஜாவுக்குச் சந்தேகம் வந்தது.

"நிஜமாகவே கரையை வெட்ட வந்தார்களா?"

"எங்கே வருவது? மண்வெட்டியெல்லாம் தண்ணீருக்கடியில் கிடந்தது."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் முகம் சுண்டிப்போயிற்று. சட்டத்தை அந்த நிமிஷமே எடுத்தார். கீழத்தெருவுக்கு நெல் அனுப்பினார். தன் முத்துமாலையைக் கழற்றி விகடர் கழுத்தில் போட்டார்.

"நான்தான் உள்ளே இருந்தேன். நீர் வாசலிலேயே படுத்திருந்தீரே, இத்தனை நாளும் உமக்கு ஏன் உறைக்கவில்லை?"

விகடர் தலையைச் சொறிந்தார்.

"இத்தனை நாளும் எனக்குச் சாப்பாடு வந்துகொண்டிருந்ததே, மகாராஜா."