வெள்ளச்சி விரிக்காத குடை

மண்ணுக்குக் கீழே இருக்கிறவர்களும் வாய் திறந்து பேசிய காலம் அது. அப்போது உடைமரம் இப்போது இருக்கிற மாதிரி இல்லை. பனையோடு போட்டி போட்டுக்கொண்டு நெட்டுக்குத்தலாக வளர்ந்தது. பூஞ்சைகளுக்குள்ளும் பேதம் கிடையாது. பட்ட மரத்தைத் தின்கிறவளோ, பச்சை மரத்து வேரில் குடியிருக்கிறவளோ, யாராக இருந்தாலும் ஆயுசில் ஒரு தடவையாவது மண்ணைக் கீறிக்கொண்டு வெளியே வந்து குடை விரிப்பாள். வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் சாக வேண்டும் என்பது அந்தக் குலத்து வழக்கம்.

தேரிக்காட்டுச் செம்மணலில் வெள்ளச்சி என்று ஒரு பூஞ்சை இருந்தாள். ஓர் உடைமரத்தின் வேரைச் சுற்றி வெள்ளை இழைகளாகப் படர்ந்திருந்தாள். மரத்தை அவள் அண்ணாச்சி என்பாள். மரம் அவளைத் தாயி என்று கூப்பிடும். வேர் நுழையாத மணல் இடுக்கில் எல்லாம் அவள் இழை நுழையும். அங்கே ஒட்டிக் கிடக்கிற சத்தைச் சுரண்டிக் கொண்டுவந்து வேரிடம் கொடுப்பாள். இலைகள் வெயிலில் காய்ச்சிய பாகில் கொஞ்சத்தை மரம் அவளுக்குக் கீழே இறக்கும். விடிந்தது முதல் மறுபடி விடிகிறவரை இதே வேலை. உட்கார நேரமில்லை. சொல்லப்போனால் உட்கார அவளுக்கு இடமும் இல்லை.

தனக்கென்று அவள் வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். கொண்டுவருகிற சத்தில் தினமும் ஒரு கிள்ளு எடுத்து ஒரு முடிச்சில் சேர்த்தாள். குடைக்கான முடிச்சு அது. ஏழு வருஷத்தில் நிறைந்துவிட்டது. அவளுடைய அக்கா மாடத்தி, பட்டுப்போன பனையைத் தின்று வாழ்கிறவள், இரண்டு தடவை குடை விரித்துப் பார்த்துவிட்டாள். வானம் நீலமாக இருக்கும் என்றாள். நீலம் என்றால் என்ன என்று வெள்ளச்சி கேட்டதற்கு, "பாத்தாத்தாண்டி தெரியும்" என்று சொல்லிவிட்டாள். ஒரு மழை பெய்தால் போதும், பார்த்துவிடலாம்.

அந்த மழைதான் வரவில்லை. மூன்று வருஷம் வரவில்லை. தேரி மணலில் சத்து எப்போதுமே அரிது, காற்று வேறு இருந்ததை அள்ளிக்கொண்டு போனது. வெள்ளச்சி இழையை நூலாக்கினாள். நூலைவிட மெலிந்தாள். எட்டாத இடத்துக்கெல்லாம் எட்டிப் போய் வெறுங்கையோடு திரும்பினாள். மரம் இலையைக் கொட்டியது. பாகு சொட்டுச் சொட்டாக வந்து, பிறகு அதுவும் நின்றது.

"எப்பிடி இருக்கிய அண்ணாச்சி?"

"இருக்கேன் தாயி. கீழ ஒரு முழத்துல ஈரக்களி கெடக்கு. வாசனை வருது. வேரு நீள மாட்டேங்குது, சத்து இல்ல."

"ஒரு முழந்தானா?"

"ஒரு முழந்தான். தண்ணியப் பக்கத்துல வச்சிக்கிட்டுச் சாகுறதுதான் எரிச்சலா இருக்கு. நீ வேற வேரு பாத்துப் போயிரு. எங்கிட்ட இனி ஒண்ணும் இல்ல."

போவதற்கும் தெம்பு வேண்டுமே. வெள்ளச்சி அப்படியே கிடந்தாள்.

மாடத்திக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, இன்னும் என்னத்தப் போட்டுச் சுரண்டுத? அவரு செத்தா வேரு, தூரு எல்லாம் நமக்குத்தான். பத்து வருசம் உக்காந்து திங்கலாம். சும்மா கெட."

சும்மா கிட என்கிற வார்த்தையை வெள்ளச்சியிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை. கேட்கவே இனிப்பாக இருந்தது.

"எனக்குச் செத்ததத் திங்கத் தெரியாதேக்கா."

"பசிச்சா தானா வரும்."

"வந்துருமோன்னுதான் பயமா இருக்கு."

வெள்ளச்சி திரும்பித் தன் உடம்பைப் பார்த்தாள். வெளியே சத்து இல்லை, சரி. ஆனால் பத்து வருஷமாகப் பரப்பி வைத்த இழைகள் பின்னால் கிடக்கின்றனவே, அவற்றுக்குள் இருப்பதும் சத்துதானே? தூரத்து இழையிலிருந்து ஆரம்பித்தாள். உள்ளே இருந்ததை எல்லாம் முன்னால் உறிஞ்சிக்கொண்டாள். காலியான இழையை, ஆள் போன வீட்டைப் பூட்டுவது மாதிரி, குறுக்கே அடைத்துவிட்டு நகர்ந்தாள். ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தாள். அவள் முதன்முதலில் முளைத்த இழையும் ஒரு நாள் காலியாயிற்று. தான் எங்கே பிறந்தோம் என்று திரும்பிப் பார்க்க அவளுக்கு இனி இடமில்லை. எடுத்ததை எல்லாம் வேரிடம் கொடுத்தாள்.

வேர் அரை முழம் இறங்கி நின்றது.

இனிக் கொடுக்க முடிச்சு ஒன்றுதான் இருந்தது. இது மட்டும் முடியாது என்றுதான் வெள்ளச்சி முதலில் நினைத்தாள். பத்து வருஷம் எல்லாருக்கும் உழைத்தாயிற்று, ஒரே ஒரு தடவை தலையை வெளியே நீட்டக்கூடாதா? அழுகை வந்தது. அழுவதற்கு ஈரமில்லை. மேலே மரம் முனகவும் இல்லை, கேட்கவும் இல்லை. கேட்டிருந்தாலாவது இல்லை என்று சொல்லியிருப்பாள். முடிச்சை அவிழ்த்து வேருக்குள் விட்டாள்.

வேர் இறங்கியது. களியைத் தொட்டது.

"தாயி, இது வேற ருசியா இருக்கே. எங்கேருந்து எடுத்த?"

"கல்லுக்கடியில கெடந்துச்சு அண்ணாச்சி."

மரம் நம்பியது. துளிர் விட்டது, பாகு இறங்கியது. அந்த ஐப்பசியில் மழையும் வந்தது. தேரி முழுக்கப் பூஞ்சைகள் மண்ணைக் கீறிக்கொண்டு வந்து குடை விரித்தன. மரம் தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் பார்த்தது.

"எங்க தாயி உன் குடை?"

எல்லாவற்றையும் பார்த்திருந்த மாடத்திதான் பனந்தூரிலிருந்து கத்தினாள். "என்னவே கேக்கீரு? அத நீருதான குடிச்சீரு!"

மரம், பனையைத் தாண்ட வேண்டும் என்று வைத்திருந்த உச்சிக்குருத்தை அன்றே நிறுத்தியது. கிளைகளை எல்லாம் பக்கவாட்டில் நீட்டி, தட்டையாக, வெள்ளச்சி கிடக்கிற மணலுக்கு மேலே விரித்துப் பிடித்தது.

கீழே அவளுக்கு மணல் குளிர்ந்தது மட்டும்தான் தெரிந்தது. "அண்ணாச்சி என்னக்கா செய்தாரு?"

"குடை பிடிக்காருட்டி உனக்கு."

"நீலமாவா இருக்கு?"

"இல்ல. பச்ச."

"பச்சன்னா எப்படி?"

பார்த்தால்தான் தெரியும் என்று சொல்ல இந்தத் தடவை மாடத்திக்கு நாக்கு எழவில்லை. வெகுநேரம் யோசித்து, "குளுந்து கெடக்குல்லா, அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

"அப்ப சரி" என்றாள் வெள்ளச்சி. ரொம்ப அசதியாக இருந்தது. ஆனாலும் அடுத்த மணல் இடுக்கைத் தேடி ஓர் இழையை நீட்டினாள்.

அவள் வழியில் வந்த வேர்ப்பூஞ்சைகள் பஞ்சம் வந்தால் பின்னால் கிடக்கிற தங்கள் உடம்பைக் காலிசெய்து முன்னால் போவதும், ஒரு நாளும் வெளியே வந்து வானத்தைப் பாராததும், அவற்றுக்காக உடைமரம் உயரத்தை விட்டுவிட்டு வெயிலில் குடை பிடித்து நிற்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.